எட்டு மணி வண்டி ரத்து

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது, என்னுடையதில் ஒன்றை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். ஆறு வருடம் ஆகிறது. அதைப் பெரிய தியாகம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுப்பதில் என்ன இருக்கிறது? ஒரு பகல் முழுக்க மயக்கத்தில் கிடந்தேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைக் கட்டிக் காப்பாற்றினேன் பாருங்கள், வேலை என்றால் அதுதான் வேலை.

நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, ஏன் நாலு நிமிஷம் தாமதம், யார் மேல் தப்பு என்று எழுதுகிறவள். அப்படிப்பட்டவளிடம் மாற்று சிறுநீரக வார்டு நர்ஸ் ஒரு வேலையை ஒப்படைத்தாள்.

"உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான். இது உங்க கிட்னி, வெளி ஆளுன்னு அவனுக்குத் தெரியும், விரட்டப் பாப்பான். அவனைத் தூங்க வெக்கத்தான் இந்த மாத்திரை எல்லாம். ஒரு வேளை தவறினாலும் முழிச்சுக்குவான். கிட்னி டாக்டர் தன் வாயால சொல்லாம ஒன்னைக்கூட நிறுத்தாதீங்க, குறைக்காதீங்க. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். காலை எட்டு, இரவு எட்டு. வீட்டில் அதற்கு எட்டு மணி வண்டி என்று பெயர். ஆறு வருடத்தில் ஒரு நாள் ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. தம்பி எனக்கு 'கண்ட்ரோலர்' என்று பெயர் வைத்தான். வைத்துக்கொள்ளட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு நாதி கிடையாது. அவன் ஒருத்தன் நன்றாக இருந்தால் எனக்குப் போதும்.

அவன் தையல் மிஷின் மெக்கானிக். ஆயத்த ஆடை ஆலையில் முன்னூறு மிஷின்களுக்கு வைத்தியன். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, "அக்கா, ரெண்டு கண்ணுலயும் புகை அடிச்ச மாதிரி இருக்கு, நடுவுல கறுப்பு கறுப்பா ஏதோ நீந்துது" என்றான். தெரு முனைக் கண் கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்து, "உள்ளே வீக்கம்" என்றார்கள். அவன் தினமும் போடும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு ஒன்று உண்டு. அதை ஒன்றிலிருந்து எட்டாக ஏற்றினார்கள். ஒரே வாரத்தில் கண் பளிச்! எனக்கு அந்த டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது. மறுபடி ஒன்றாகக் குறைத்ததும் புகை திரும்பி வந்தது. ஏற்றினார்கள், போனது. குறைத்தார்கள், வந்தது. மூன்று முறை இந்தக் கூத்து. கடைசியாக எட்டுக்கு ஏற்றியபோது புகை பாதிதான் விலகியது.

அப்புறம்தான் பெரிய கண் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரம்மா அவனை மிஷின் தாங்கியில் தாடையை வைக்கச் சொல்லி, விளக்கைப் பாய்ச்சி, அரை மணி நேரம் பார்த்தார். கடைசியில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வீக்கம்னா கண்ணு சிவக்கும், வலிக்கும். இவருக்கு ரெண்டும் இல்ல. மாத்திரை ஏத்தினா ஒளிஞ்சுக்குது, குறைச்சா வெளிய வருது. இது வீக்கம் மாதிரி வேஷம் போட்ட புத்துநோயா இருக்கலாம்னு எனக்குச் சந்தேகம். காவல்காரனைத் தூங்க வெச்ச வீட்ல திருடன் புகுந்திருக்கான். கண்ணோட நிக்காது, மூளைக்கும் போகும்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சந்தேகத்துக்கு மருந்து குடுக்க முடியாது. கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல்லி மாதிரி பொருளைக் கொஞ்சம் எடுத்து, அதுல இருக்கிற செல்லைப் பாக்கணும். ஸ்டீராய்டு அந்தச் செல்லையெல்லாம் அரைகுறையாக் கொன்னு வெச்சிரும், செத்ததை வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது. அதனால படிப்படியா பழைய ஒன்னுக்கே இறக்கிருங்க. கிட்னி டாக்டர்கிட்ட பேசிட்டேன், அவரும் சரின்னுட்டார்."

அவர் பேசியிருக்கலாம். ஆனால் கிட்னி டாக்டர் தன் வாயால் என்னிடம் சொல்லவில்லையே! ஸ்டீராய்டைக் குறைத்தால் கண்ணில் புகை வருகிறது, இதை நானே மூன்று முறை பார்த்தவள். குறைத்தால் காவல்காரன் முழித்துக்கொள்வான், இது ஆறு வருடமாக நான் ஜபித்த மந்திரம். இரண்டுக்கும் நல்லது செய்கிற மாத்திரையை இந்தம்மா குறைக்கச் சொல்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு டாக்டரம்மாவே பேயாகத் தெரிந்தார்.

தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தினமும் எட்டே கொடுத்தேன். அவன் கைக்குள் விழுவது ஏற்கெனவே ஒரு பிடி மாத்திரை. புகைக் கண்ணோடு அவன் எண்ணவா போகிறான் என்று நினைத்தேன்.

வலது கண்தான் மோசம், அதில்தான் முதலில் ஜெல்லியை எடுத்தார்கள். மூன்றாம் நாள் முடிவு கேட்கப் போனேன். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நடையில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. எதிரில் வழுக்கைத் தலையோடு, குள்ளமாக, வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்ட ஒரு ஆள். லேப்பில் ஸ்லைடு பார்க்கிறவர்.

"பூரா செத்துக் கிடக்குன்னு எழுதியிருக்கீங்க. வெளிய எடுத்தா ஒரு மணி நேரம்கூடத் தாங்காதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? எங்க வெச்சிருந்தீங்க?"

"எங்கயும் வெக்கல டாக்டர். வாசல்ல நின்னு நானே வாங்கினேன், நானே ஓடினேன். ஏழு நிமிஷம். இருபது வருஷத்துல என் கையில ஒரு செல் செத்ததில்ல."

"அப்ப தானா செத்துச்சா?"

அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அத்துப்படி. ரயில்வே கேட்டில் பத்து நிமிஷம் மாட்டிக்கொண்ட டிரைவர், தாமதத்துக்கு மெமோ வாங்கும்போது அப்படித்தான் தரையைப் பார்ப்பான். எய்தவள் நான் நிற்க, அம்பை நொந்துகொண்டிருக்கிறார்கள். மூச்சு விடாமல் நழுவியிருக்கலாம். ஆனால் தப்பு யார் மேல் என்று எழுதிப் பிழைக்கிறவள் நான். தெரிந்தே தப்பான பெயரை எழுத எனக்குக் கை வராது.

"டாக்டரம்மா, அவரை விடுங்க. கொன்னது நான்தான்."

இருவரும் திரும்பினார்கள். பைத்தியம் ஒன்று வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

"ஸ்டீராய்டு நான் குறைக்கவே இல்ல."

"எத்தனை குடுத்தீங்க?"

"எட்டு."

"தினமுமா?"

"தவறாம" என்றேன். பாழாய்ப்போன பழக்கம், அந்த நேரத்திலும் குரலில் பெருமை வந்துவிட்டது.

டாக்டரம்மா கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "வலது கண்ணுல எடுக்க வேண்டியதை எடுத்தாச்சு. திரும்ப அதுல எடுக்க ஒன்னும் மிச்சமில்ல. இனி இடது கண்ணு ஒன்னுதான். அதுலயும் செத்தது வந்தா, மூணாவது கண்ணுக்கு நான் எங்க போறது?"

ஸ்லைடுக்காரர் என்னை முறைப்பார் என்று பார்த்தால், மனிதர் முகம் மலர்ந்து நிற்கிறார். "நான் சொல்லல? என் கையில சாகல! கண்ணுக்குள்ளயே செத்திருக்கு!" என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கும்பிடும் போட்டார்.

தம்பியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சொல்லி முடித்தேன். சிரித்தான்.

"அந்த மாத்திரை எவ்வளவு கசக்கும் தெரியுமா? ஒன்னு போட்டா எப்படி, எட்டு போட்டா எப்படின்னு நாக்குக்குத் தெரியாதா? அதுக்குக் கண்ணு வேணுமா?"

"தெரிஞ்சுமா முழுங்கின?"

"நீ குடுத்தா கணக்கு சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்கா."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். திரும்பி வந்து, வீட்டில் மீதியிருந்த ஸ்டீராய்டு அட்டைகளை மறுநாளே கொண்டு வந்து டாக்டரம்மா மேஜையில் கொட்டுவது என்று முடிவு செய்தேன். கொட்டவும் செய்தேன். "அன்னன்னைக்கு உண்டானதை மட்டும் தினம் காலையில நர்ஸ்கிட்ட வாங்கிக்கறேன். என்கிட்ட இருந்தா என் கை சும்மா இருக்காது."

இந்த முறை ஒவ்வொரு படி இறக்கத்துக்கும் கிட்னி டாக்டர் போனில் வந்தார். அவர் சிடுமூஞ்சி, மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். "ஆறாக்கு. சரியா?" என்பார், வைத்துவிடுவார். எனக்கு அது போதும். வாயால் சொன்னாரே!

ஒன்றுக்கு இறங்கியதும் புகை மண்டிக்கொண்டு வந்தது. அவன் தம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினான். கதவு நிலையில் முட்டிக்கொண்டு, "நிலை இங்கயா இருந்துச்சு?" என்று அதையே திட்டினான். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றான். அவன் பார்வைக்கு இன்னும் ஏழு மாத்திரைதான் தூரம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிறுநீரகம் கொடுத்ததெல்லாம் இதற்கு முன்னால் உப்புக்குப் பெறாது.

சும்மா நிற்க முடியாதவள், எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். தியேட்டர் வாசலிலிருந்து லேப் வரை கடிகாரத்தோடு நடந்தேன். ஐந்து நாள், வெவ்வேறு நேரம். தியேட்டர் மூன்றாவது மாடி, லேப் எதிர்க் கட்டடத்தின் தரைத்தளம். லிஃப்டுக்குக் காத்திருப்பு, தரை துடைக்கிற நேரம், சாப்பாட்டு வண்டி குறுக்கே நிற்கிற இடம், எல்லாவற்றையும் தாளில் எழுதி டாக்டரம்மாவிடம் நீட்டினேன்.

"பத்தரை வேணாம் டாக்டரம்மா. சாப்பாட்டு வண்டி நடையை அடைச்சு நிக்கும். பத்து அஞ்சுக்கு எடுத்தீங்கன்னா வழி சுத்தமா இருக்கும்."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "பத்து அஞ்சு. வண்டியை விட்டுருவோம்" என்றார்.

அந்த நாள் வந்தது. தியேட்டர் வாசலில் நானும் ஸ்லைடுக்காரரும். அவர் ஷூ கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினார். பத்து ஐந்து. கதவு திறக்கவில்லை. பத்து ஆறு. பத்து ஏழுக்கு நர்ஸின் கை மட்டும் வெளியே வந்தது. கையில் சின்னப் பெட்டி.

ஓடினார் பாருங்கள் மனிதர்! அறுபதை நெருங்குகிற ஆள், பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரே பாய்ச்சல். நான் பின்னால். லிஃப்ட் முன்னால் பார்த்தால் சக்கர நாற்காலி, சொந்தக்காரர்கள், பூங்கொத்து என்று ஒரு கல்யாணக் கூட்டம். யாரோ ஒரு பெரிய மனிதரை வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். என் தாளில் இது இல்லை!

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கைப்பையில் டிப்போ விசில் இருந்தது. எடுத்து ஊதினேன். டிப்போவில் நாற்பது வண்டி இரைச்சலுக்கு மேல் கேட்கிற விசில், அந்த நடையில் எப்படியிருக்கும்! கூட்டம் இரண்டாகப் பிளந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. "வழி! வழி! உயிர் போகுது!" என்று கத்தினேன். பொய்யில்லை, பெட்டிக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது. லிஃப்டில் ஏறினோம். கீழே இறங்கியதும் மறுபடி ஊதினேன். ஒரு வாட்ச்மேன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைத் துரத்தினார். அவர் லேப் வாசலுக்கு வந்தபோது ஸ்லைடுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி.

"ஆஸ்பத்திரியில விசில் ஊதலாமாம்மா?" என்று மூச்சு வாங்கினார் வாட்ச்மேன்.

"ஊதக் கூடாதுங்க. எழுதிக்குங்க, தப்பு என் மேலதான்" என்றேன்.

மத்தியானம் லேப் கதவு திறந்தது. ஸ்லைடுக்காரர் வாயெல்லாம் பல். "உயிரோட இருக்கு! அத்தனையும் உயிரோட இருக்கு! வாங்க, வந்து பாருங்க!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஊதா நிறத்தில், பெரிது பெரிதாக, கோணல்மாணலாக உருண்டைகள்.

"இது என்னங்க?"

"கேன்சர்மா! சந்தேகமே இல்ல! என்ன ஜாதி கேன்சர்னுகூட நாளைக்குச் சொல்லிடலாம், அவ்வளவு நல்லா வந்திருக்கு!"

கேன்சர் என்று சொல்கிற வாயில் இவ்வளவு சிரிப்பா! ஓங்கி ஒன்று வைக்கலாம் என்று கை எழுந்தது. அதற்குள் என் முகத்திலும் அதே இளிப்பு இருப்பது தெரிந்தது. இத்தனை மாதமாகப் புகைக்குள் கத்தியைச் சுழற்றிக்கொண்டிருந்தோம். இப்போது திருடன் முகம் தெரிந்துவிட்டது. சிரித்தேன், சிரிப்பு அழுகையாகிவிட்டது. மனிதர் பதறிப்போய் டிஷ்யூ பேப்பருக்குப் பதில் ஸ்லைடு துடைக்கிற தாளை நீட்டினார்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒன்றுமில்லை. திருடன் கண்ணை விட்டு இன்னும் கிளம்பவில்லை. டாக்டரம்மா அட்டவணை போட்டார். இரண்டு கண்ணிலும் ஊசி, மருந்து நேராகக் கண்ணுக்குள்ளேயே போகும். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் இரண்டு மாதம் வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மாதத்துக்கு ஒன்று. அட்டவணை என்றால் எனக்குச் சொல்ல வேண்டுமா? அன்றைக்கே கோடு போட்டு எழுதிவிட்டேன்.

"ஊசி மட்டும் பத்தாது" என்றார் டாக்டரம்மா. "மிச்சத்தை இவர் சொல்லணும்." பக்கத்தில் கிட்னி டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததே பெரிது.

"காவல்காரனை எழுப்பணும். இனிமே திருடன் வராம பாத்துக்க அவன் வேணும். எட்டு மணி மாத்திரையில ஒன்னை நிறுத்து. இன்னொன்னைப் பாதியாக்கு."

"முழிச்சா என் கிட்னியை அடிப்பானே!"

"அடிக்கலாம்" என்றார். அந்த ஆளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அரைத் தூக்கத்துல வெச்சுப் பாப்போம். வாராவாரம் ரத்தம் எடு. கிரியேட்டினின் இப்ப ஒன்னு புள்ளி ரெண்டு. ரெண்டைத் தாண்டினா கிட்னி போகுதுன்னு அர்த்தம்."

தம்பியைப் பார்த்தேன். அவன் நான் இருக்கும் திசைக்குச் சற்றுத் தள்ளி, கதவைப் பார்த்துச் சொன்னான். "அது உன் கிட்னிக்கா. நீயே சொல்லு."

"உன் கண்ணு" என்றேன். கிட்னி டாக்டரிடம் திரும்பினேன். "உங்க வாயால இன்னொரு தடவை சொல்லுங்க."

"நிறுத்து."

வீட்டுக்கு வந்து மாத்திரை நேரம் குறிக்கிற நோட்டைத் திறந்தேன். நிறுத்தச் சொன்ன மாத்திரைக்கு நேரே, ஆறு வருடத்தில் எழுதாத ஒன்றை எழுதினேன். *எட்டு மணி வண்டி ரத்து.*

ஊசி போட ஆரம்பித்து நான்காவது வாரம், "அக்கா, உன் சேலையில கட்டமா போட்டிருக்கு?" என்றான். கட்டம்தான்! ஆறாவது வாரம் ஆலைக்குப் போய் ஒரு மிஷினைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். நான் குதித்திருப்பேன். ஆனால் வாராவாரம் ரத்தத்தில் அந்த எண் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று புள்ளி நாலு. ஒன்று புள்ளி ஆறு. ஒன்று புள்ளி எட்டு. ஒரு பக்கம் கண் தெளியத் தெளிய, இன்னொரு பக்கம் நான் கொடுத்தது கழன்றுகொண்டிருந்தது. கிட்னி டாக்டர் ஒரு மாத்திரையைக் கால் பங்கு ஏற்றினார். "அடுத்த ரிப்போர்ட்ல தெரிஞ்சிரும்" என்றார்.

அந்த ரிப்போர்ட் வந்த அன்று ஊசிக்காகக் காத்திருந்தோம். அவன் நடையின் அந்தக் கோடியில் பெஞ்சில். கவுன்டர் இந்தக் கோடியில். பெண் தாளை நீட்டினாள். வாங்கினேன். பார்க்க முடியவில்லை. நாற்பது டிரைவர்களை மிரட்டுகிறவள், ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல், எழுத்துப் பக்கம் வெளியே தெரிய நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன். இரண்டைத் தாண்டியிருந்தால்? மாத்திரையை நிறுத்திய கை என்னுடையது.

"அக்கா, அசையாத" என்ற குரல் கேட்டது. காலடி நெருங்கியது. பாதி நடையில் நின்றது.

"ஒன்னு புள்ளி மூணு" என்றான்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. "யாருகிட்ட விளையாடற?"

"ஒன்னு புள்ளி மூணுக்கா. கிரியேட்டினின்னு கறுப்பு எழுத்துல போட்டு, எதிர்ல ஒன்னு புள்ளி மூணு. இரு, கீழ பொடி எழுத்துல ஏதோ இருக்கு." இன்னும் ஓரடி வைத்தான். "ரத்தம் எடுத்த நேரம் எட்டு ஒன்பது." அவன் குரல் சிரிப்பில் உடைந்தது. "ஒன்பது நிமிஷம் லேட்டு, கண்ட்ரோலர்!"

கண்ணைத் திறந்தேன். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஐந்து காலடி தூரம் இருந்தது. அந்த ஒன்பது நிமிஷத்துக்கு நான் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.